சர்க்கரை கால் புண்ணில் "எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்தால் கால்சியம் போதுமா?

டிரெஸ்ஸிங்ரூம்_சிஸ்டர்:

வணக்கம். கால் புண் டிரெஸ்ஸிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே வருகிறவர்களில் பலருடைய சீட்டு ஒரே மாதிரிதான் இருக்கிறது: ஆன்டிபயாடிக், கால்சியம், டி3. எலும்பைப் பற்றி வீட்டார் கேட்பதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதால் ஒரு கேஸை வைத்தே கேட்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

58 வயது ஆண், 14 வருஷமாக சுகர். வலது காலில் பெருவிரலுக்குக் கீழே, முன்பாதம் தரையில் ஊன்றும் இடத்தில் 7 வாரமாகப் புண். சுற்றிலும் தடித்த காய்ப்பு. காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் "ஆஸ்டியோபீனியா; முதல் மெட்டாடார்சல் தலையின் ஓரம் தெளிவாக இல்லை" என்று இருக்கிறது (மெட்டாடார்சல் என்பது கால்விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பு). ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) 82, வைட்டமின் டி 12, கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) 1.6, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 9.8.

மருந்து: சிப்ரோஃபிளாக்சசின் 500 இரண்டு வேளை, கிளிண்டமைசின் (இரண்டும் ஆன்டிபயாடிக்), கால்சியம் கார்பனேட் 500 இரண்டு வேளை, டி3 60,000 யூனிட், ஜிங்க் சேர்ந்த பி காம்ப்ளெக்ஸ், அசிடிட்டிக்குப் பான்டோப்ரசோல், சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. காலை டிபனுக்குப் பிறகு மொத்தத்தையும் ஒரே வாயில் போட்டுக் காபி குடிக்கிறார். டிரெஸ்ஸிங்குக்கு ஹவாய் செருப்பில் நடந்தே வருகிறார்.

வீட்டார் கேட்பது: எலும்பு கரைகிறது என்றால் கால்சியத்தைக் கூட்டலாமா, தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாமா? நான் கேட்பது: இது எலும்புத் தேய்மானமா, கிருமியா? எங்கள் ஊரில் எம்.ஆர்.ஐ. கிடையாது. அது இல்லாமலே எந்த அளவுக்குக் கண்டுபிடிக்கலாம்? இன்னொன்றும் உண்டு. புண்ணே இல்லாமல் பாதம் மட்டும் சூடாக வீங்கி, "செல்லுலைட்டிஸ்" (தோலுக்கு அடியில் கிருமி) என்ற சீட்டோடு சிலர் வருகிறார்கள். அதில் எப்போது சந்தேகப்பட வேண்டும்?


கால்_அறுவை:

சிஸ்டர், நல்ல கேள்வி. ரிப்போர்ட்டில் முதல் வார்த்தையை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஆஸ்டியோபீனியா" என்பது படத்தில் எலும்பு வெளிறித் தெரிகிறது என்ற பொது விவரம். பல வாரம் சரியாக ஊன்றாத காலில் யாருக்கும் அப்படித் தெரியலாம். "ஓரம் தெளிவாக இல்லை" என்பது வேறு விஷயம். புண்ணுக்கு நேர் மேலே இருக்கும் எலும்பில் மட்டும் ஓரம் அழிந்திருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை எலும்பில் கிருமி, அதாவது ஆஸ்டியோமைலிட்டிஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கால்சியக் குறைவால் ஒரே ஒரு எலும்பின் ஒரே ஒரு ஓரம் கரையாது.

எம்.ஆர்.ஐ. இல்லாவிட்டாலும் உங்கள் டிரெஸ்ஸிங் மேஜையிலேயே பாதி பதில் கிடைக்கும். காய்ப்பையும் செத்த சதையையும் எடுத்த பிறகு, ஸ்டெரைல் செய்த மழுங்கிய முனை உள்ள உலோகப் புரோபைப் புண்ணின் ஆழமான இடத்தில் மெதுவாக விடுங்கள். அழுத்தக் கூடாது, அதன் எடையிலேயே இறங்க வேண்டும். சதை என்றால் ரப்பரைத் தொடுவது போல அமுங்கிக் கொடுக்கும். எலும்பு என்றால் கெட்டியாக முட்டும், சில நேரம் மணல் உரசுவது போலக் கையில் தெரியும். காய்ப்பை எடுக்காமல் சோதித்தால் ஆழம் தப்பாகத் தெரியும், எலும்பு தட்டாது, "நெகட்டிவ்" என்று எழுதிவிடுவோம். இந்தச் சோதனையில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். பருத்திக்குச்சியை வைத்தும் பார்க்காதீர்கள், அதில் உணர்வு தெரியாது.

எலும்பு தட்டுகிறது, ஈ.எஸ்.ஆர். 70-க்கு மேல், எக்ஸ்ரேயில் ஓரம் அழிந்திருக்கிறது: மூன்றும் ஒரே பக்கம் பேசினால் எம்.ஆர்.ஐ. இல்லாமலே வைத்தியத்தைத் தொடங்கலாம். நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதலும் முதலில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார், சந்தேகம் நீடித்தால் எம்.ஆர்.ஐ.க்குப் போ என்றுதான் சொல்கிறது. உங்கள் கேஸில் ஈ.எஸ்.ஆர். 82. ஆனால் ரத்தசோகை, சிறுநீரகக் குறைபாடு இரண்டிலும் ஈ.எஸ்.ஆர். தானாகவே ஏறும். கிரியேட்டினின் 1.6 இருப்பதால் அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஹீமோகுளோபினையும், அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தச் சோதனையான சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பாருங்கள். காய்ச்சல் இல்லை, வெள்ளணு கூடவில்லை என்பதை வைத்து எலும்புக் கிருமியை ஒதுக்கவே கூடாது. இவர்களில் பலருக்கு இரண்டும் சாதாரணமாகத்தான் இருக்கும்.

எக்ஸ்ரே பற்றி ஒன்று. எலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான் படத்தில் தெரியும். அதற்கு 2, 3 வாரம் ஆகும். இன்றைய படம் சுத்தமாக இருந்தால் அது இன்றைய கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றே அர்த்தம். 2-3 வாரம் கழித்து, முடிந்தால் அதே இடத்தில், அதே கோணங்களில் (நேர், பக்கவாட்டு, சாய்வு) எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இல்லாத ஊரில் இந்த இரண்டாவது படம்தான் பெரிய ஆயுதம். வீட்டார் "எடுத்தாச்சே" என்பார்கள். ஏன் மறுபடி என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புண்ணை மேலாகப் பஞ்சால் துடைத்து எடுத்த கிருமி வளர்ப்புச் சோதனையை (ஸ்வாப் கல்ச்சர்) வைத்து எலும்புக்கு ஆன்டிபயாடிக் முடிவு செய்வது சரியல்ல. புண்ணின் மேல் வாழும் கிருமியும் எலும்புக்குள் இருப்பதும் பல நேரம் வேறு வேறு. எலும்புத் துண்டு எடுத்தால் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று பார்மலினில், மைக்ராஸ்கோப்பில் திசுவைப் பார்க்கும் ஹிஸ்டோபேத்தாலஜிக்கு. மற்றொன்று கல்ச்சருக்கு, ஸ்டெரைல் டப்பாவில், காயாமல் இருக்க இரண்டு சொட்டு சலைனோடு, பார்மலின் படாமல். ஆபரேஷன் தியேட்டர் அவசரத்தில் இரண்டும் பார்மலினுக்குள் போய்விடும். பிறகு "கிருமி வளரவில்லை" என்று ரிப்போர்ட் வரும், அதை நம்பி மருந்தை நிறுத்துவார்கள். டப்பாவில் லேபிள் ஒட்டுவது நீங்கள் என்றால் அந்தக் கால் உங்கள் கையில்தான் இருக்கிறது. நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் எலும்பு எடுப்பதற்கு 2 வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைப்பது நல்லது. சீழும் காய்ச்சலுமாக இருப்பவருக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது.

எவ்வளவு நாள் மருந்து? எலும்பை எடுக்காமல் மருந்தால் மட்டும் பார்ப்பதென்றால் 6 வாரம். வெட்டிய பிறகு மிச்ச எலும்பின் விளிம்பில் கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் 3 வாரம் வரை. கிருமி பிடித்த எலும்பு முழுதும் வெளியே வந்துவிட்டால் சில நாளே போதும். மருந்தால் மட்டும் பார்க்கலாம் என்பதும் எல்லோருக்கும் அல்ல. கிருமி முன்பாதத்தில் இருக்க வேண்டும், எலும்பு வெளியே தெரியக் கூடாது, உடனடியாகக் கீறி வடிக்க வேண்டிய சீழ் இருக்கக் கூடாது, காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் ஏமாறுவோம். நெடுநாள் சுகரில் கால் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து, எக்ஸ்ரேயிலேயே தண்டவாளம் போல இரண்டு கோடாகத் தெரியும். அந்தக் குழாயை பி.பி. பட்டையால் நசுக்க முடியாது. அதனால் கணுக்கால்-கை அழுத்த விகிதம் 1.3, 1.4 என்று வரும், "ரத்த ஓட்டம் பிரமாதம்" என்று எழுதுவார்கள். அப்போது கால்விரல் அழுத்தம் எடுங்கள். 30 மி.மீ.க்குக் கீழே என்றால் எந்த ஆன்டிபயாடிக்கும் அந்த எலும்புக்குப் போதுமான அளவில் போய்ச் சேராது. முதலில் ரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சரியாகிவிட்டதா என்பதை மருந்து முடிந்த அன்றே சொல்லக் கூடாது. முடிந்து 6 மாதம் புண் திறக்காமல், படத்தில் எலும்பு ஓரம் மறுபடி தெளிந்து நின்றால்தான் அடங்கியது என்று எழுதலாம்.


மருந்தாளர்_தென்காசி:

டாக்டர் சொன்ன 6 வாரமும் வீணாகப் போகக்கூடிய ஒரு விஷயம் இந்தச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை மட்டும் எழுதுகிறேன்.

சிப்ரோஃபிளாக்சசினும் கால்சியமும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மருந்து குடலில் ஏறாமல் வெளியே போய்விடும். ஜிங்க், இரும்பு, மெக்னீசியம் அல்லது அலுமினியம் உள்ள அசிடிட்டி டானிக், சுக்ரால்ஃபேட் எல்லாமே இதையே செய்யும். இவர் கால்சியம், ஜிங்க், பால் காபி மூன்றோடும் சேர்த்து சிப்ரோவை விழுங்குகிறார். "500 இரண்டு வேளை" என்று சீட்டில் இருக்கிறது, ரத்தத்தில் அந்த அளவு இருக்காது. புண் ஆறாதபோது "மருந்துக்கு மசியாத கிருமி" என்று அடுத்த விலையுயர்ந்த ஊசிக்குப் போவார்கள்.

விதி இது: கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ சிப்ரோ. நடைமுறையில் இப்படி வைக்கலாம். காலை 7 மணிக்கு சிப்ரோ, வெறும் தண்ணீரில். காபி, பால் எதுவானாலும் 9 மணிக்கு மேல். கால்சியம் ஒரே ஒரு வேளை, 9 மணி டிபனோடு அல்லது மதியம் 1 மணிக்குள் சாப்பாட்டோடு. ஜிங்க் மாத்திரையும் அதே நேரத்தில் போய்விடட்டும். இரவு 7 மணிக்கு மறுபடி சிப்ரோ. படுக்கும் முன் பால் குடிப்பவர் 9 மணிக்குப் பிறகு குடிக்கலாம். மாலை 4 மணி டீயை இந்த 6 வாரம் பால் இல்லாமல் குடிக்கச் சொல்லுங்கள். லெவோஃபிளாக்சசின் என்றால் முன்னும் பின்னும் 2 மணி இடைவெளி போதும். டாக்சிசைக்ளினுக்கும் இந்த ஒட்டும் குணம் உண்டு. கிளிண்டமைசினுக்குக் கிடையாது.

இரண்டு வேளை கால்சியத்தை ஒரு வேளை ஆக்குவதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இந்த 6 வாரம் ஆன்டிபயாடிக் தவறாமல் ஏறுவதுதான் எலும்புக்குப் பெரிய உதவி. கால்சியம் பிறகு நிதானமாகச் சேரலாம்.

சீட்டில் மற்றவையும் உண்டு. கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், இவரோ பான்டோப்ரசோலில் இருக்கிறார். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு கொடுங்கள், இல்லையென்றால் சிட்ரேட்டுக்கு மாற்றக் கேளுங்கள். அட்டைப் பெட்டியில் "1250 மி.கி. கால்சியம் கார்பனேட்" என்று இருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 500 மி.கி. சிட்ரேட் 1000 மி.கி. என்றால் சுமார் 210 மி.கி. பெரிய எண்ணைப் பார்த்து பலரும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்.

டி3 60,000 யூனிட் வாரத்துக்கு ஒன்று. கொழுப்பு கொஞ்சம் இருக்கும் சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக ஏறும். வழக்கமாக 8 வாரம், பிறகு மாதம் ஒன்று, 3 மாதத்தில் ரத்தத்தில் மறுபடி அளவு. இதில் நடக்கும் விபத்து எளிது: அட்டையில் 4 கேப்ஸ்யூல் இருக்கும், 4 நாளில் முடித்துவிட்டு மறுபடி வாங்க வருவார்கள். இப்படியே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர் என்று வரும். தாகமும் சிறுநீரும் சுகரால் என்று நினைத்து சுகர் மாத்திரையைக் கூட்டுவார்கள், அதற்குள் கிரியேட்டினினும் ஏறிவிடும். அட்டையில் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சிப்ரோவும் கிளிமிபிரைடும் சேர்ந்தால் சுகர் திடீரென்று இறங்கலாம். முதல் வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரால் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். குதிகாலுக்கு மேலே பின் நரம்பு இழுத்து வலித்தால் சிப்ரோவை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் வர வேண்டும். அந்த மருந்துக்குத் தசைநாண் கிழியும் ஆபத்து உண்டு. பின்னால் லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினால், 2 வாரம் தாண்டும்போது வாராவாரம் ரத்த அணு எண்ணிக்கை பார்க்காமல் மாத்திரை கொடுக்காதீர்கள். பிளேட்லெட் இறங்கும். ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தால் கிளிமிபிரைடின் வேலை குறைந்து சுகர் ஏறும்.


டிரெஸ்ஸிங்ரூம்_சிஸ்டர்:

மிக்க நன்றி சார். காபி விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாளை முதல் எல்லாருடைய மாத்திரை நேரத்தையும் கேட்டு எழுதப் போகிறேன். சூப் கேள்வியும், சூடான வீக்கம் பற்றிய கேள்வியும் மிச்சம் இருக்கின்றன. ஹவாய் செருப்புக்கு மாற்றும் சொல்லுங்கள்.


மாவுக்கட்டு:

செருப்பும் கட்டும் என் வேலை, அதனால் சூடான வீக்கத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

மரத்துப்போன பாதம், ஒரு பக்கம் மட்டும் வீக்கம், சிவப்பு, சூடு, ஆனால் நோயாளி நடந்தே வருகிறார், நாடி நன்றாகத் துடிக்கிறது, தோலில் எங்கும் வழி இல்லை: இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் முதலில் சார்கோட் பாதம் என்று நினையுங்கள். செல்லுலைட்டிஸ் பிறகு. கிருமி உள்ளே போக வழி வேண்டும். தோல் முழுசாக இருந்தால் சந்தேகம் சார்கோட் பக்கமே சாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முறிவுகள், வலி தெரியாததால் அதன் மேலேயே நடை, அழற்சி தூண்டிவிட்ட எலும்பு தின்னும் செல்கள், எல்லாம் சேர்ந்து நடுப்பாத மூட்டுகளை நொறுக்கிவிடும். விட்டால் உள்வளைவு இடிந்து, பாதத்தின் அடி படகு போல வெளியே வளைந்து, அந்த வளைவில் புண் வந்து, அதன் வழியாகக் கிருமி எலும்புக்குப் போகும்.

அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். செருப்பையும் சாக்ஸையும் கழற்றி 10-15 நிமிடம் உட்கார வைத்த பிறகு, இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில் அளக்க வேண்டும். 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் என்றால் சூடு உண்மை. காலை 5-10 நிமிடம் உயர்த்திப் பாருங்கள். சார்கோட்டில் சிவப்பு வெளிறும், கிருமியில் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இது துணைச் சோதனைதான், இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கலாம். "படத்தில் ஒன்றுமில்லை, நடங்கள்" என்று அனுப்பிய பிறகுதான் பல கால்கள் இடிகின்றன. சந்தேகம் வந்த அன்றே ஊன்றாமல் நிறுத்திவிட்டு, பிறகு பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

வைத்தியம் முழங்காலுக்குக் கீழே வரை, நோயாளியால் கழற்ற முடியாத கட்டு. வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை டாக்டர் தொழுநோயாளிகளின் மரத்த கால்களுக்குச் செய்த வேலை இதற்குப் பெரிய அடித்தளம். அங்கிருந்து அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், அதே முறையைச் சுகர் கால்களுக்கும் பரப்பினார். கட்டு காலோடு முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும். கணுக்கால் எலும்பு, கணைக்கால் எலும்பின் முன்விளிம்பு, குதிகால் பின்புறம் ஆகிய இடங்களில் மட்டும் மெத்தை, மற்ற இடங்களில் மெல்லிய உள்ளுறை. பஞ்சை அள்ளி வைத்தால் ஒரு நாளில் அமுங்கி, கட்டுக்குள் கால் வழுக்கி, புதிய புண் வரும். முதல் கட்டை 3 முதல் 7 நாளுக்குள் மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்திருக்கும். பிறகு 1-2 வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு பாதத்தின் சூட்டு வித்தியாசம் 2 டிகிரிக்குக் கீழே இறங்கி அப்படியே நிற்கும் வரை கட்டு தொடரும். மாதக்கணக்கில் ஆகும். இதை முதல் நாளே குடும்பத்திடம் சொல்லாவிட்டால் நாலாவது வாரம் அவர்களே அறுத்துவிடுவார்கள்.

மாவுக்கட்டு போட வசதி இல்லாத இடத்தில், கழற்றக்கூடிய வாக்கர் பூட்ஸைப் போட்டு அதன் மேல் ஒரு சுற்றுக் கட்டுத்துணியால் இறுக்கிவிடலாம். கழற்ற முடியாது என்பதுதான் இதன் பலம். வாக்கர் கையில் இருந்தும் வீட்டுக்குள் போட மாட்டார்கள். பூஜை அறை, சமையலறை, பாத்ரூம் என்று வெறுங்காலில் நடக்கும் தூரமே எலும்பை உடைக்கப் போதும்.

உங்கள் 58 வயதுக்காரருக்கு வருகிறேன். அவருடைய முன்பாதப் புண்ணுக்கும் சுமை இறக்குவது கட்டாயம், ஆனால் கிருமி இருப்பதால் அவசரப்பட்டு முழுக்கட்டு போடாதீர்கள். கிருமியும் ரத்தக்குறைவும் இரண்டும் லேசாகச் சேர்ந்து இருந்தாலோ, ஏதாவது ஒன்று ஓரளவுக்கு மேல் இருந்தாலோ கழற்றிப் பார்க்கக்கூடிய கருவிதான் சரி. கட்டோ வாக்கரோ போட்ட கால் 2 செ.மீ. வரை உயர்ந்துவிடும். மற்றக் கால் செருப்பின் அடியில் அதே அளவு தட்டு ஒட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இடுப்பு சாய்ந்து விழுவார், நல்ல காலின் முன்பாதத்திலும் சுமை ஏறும்.

புண் ஆறிய பிறகு எம்.சி.ஆர். செருப்பு. மேல் தட்டு நுண்ணறை ரப்பர், ஷோர் கடினம் (ரப்பர் எவ்வளவு மெத்து என்று காட்டும் எண்) 15-20 அளவு, 10 மி.மீ.க்குக் குறையாமல். அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி ரப்பர். வாங்கும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அழுத்திப் பாருங்கள்: பாதி தடிப்புக்கு அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். ஊன்றும் இடத்தில் பள்ளம் விழுந்து எழாமல் கிடந்தால் அந்தத் தட்டு செத்துவிட்டது, மாற்ற வேண்டும். பின்பட்டை கட்டாயம். பட்டை இல்லாத செருப்பைப் பிடித்து நடக்க விரல்கள் மடங்கும், மடங்கும்போது மெட்டாடார்சல் தலைகள் கீழே அழுந்தும். ஹவாய் செருப்பை விடச் சொல்வதற்குக் காரணமே இதுதான். விரலிடுக்கு வாரும் மரத்த தோலை அறுக்கும்.


இன்சுலின்_ஓபி:

மேலே டாக்டரும் கட்டுக்காரரும் சொன்னவற்றோடு மூன்றாவது ஒன்று உண்டு. உடம்பு முழுதும் எலும்பு பலவீனமாவது. இதைக் காலில் தேடாதீர்கள், இடுப்பிலும் முதுகிலும் தேடுங்கள்.

டைப் 2 சுகரில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஏமாற்றும். எலும்பு அடர்த்தி சாதாரணமாக, சில நேரம் கூடுதலாகவே வரும், ஆனாலும் எலும்பு எளிதில் முறியும். அதிக சர்க்கரை எலும்பின் கொலாஜனோடு ஒட்டி அதை விறைப்பாக்குகிறது. பழைய எலும்பு போய்ப் புதிது வரும் சுழற்சியும் மந்தமாகிறது. அளவு இருக்கிறது, தரம் இல்லை. முதுகெலும்பில் முள் வளர்ந்திருந்தாலும், அதற்கு முன்னால் ஓடும் பெருந்தமனியில் சுண்ணாம்பு இருந்தாலும் அந்த எண் இன்னும் உயரும். அதனால் இடுப்பு எண்ணைப் பாருங்கள். எலும்பு முறியும் ஆபத்தைக் கணக்கிடும் வழக்கமான ஃப்ராக்ஸ் கணக்கில் டைப் 2 சுகருக்கு என்று தனிக் கட்டம் இல்லாததால் ஆபத்தைக் குறைத்தே காட்டும். "ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்: ஆம்" என்று போட்டோ, வயதில் 10 கூட்டியோ, டி-ஸ்கோரில் (டெக்ஸா தரும் அடர்த்தி எண்) 0.5 குறைத்தோ கணக்கிடுவது வழக்கம். மூன்றில் ஒன்றுதான், மூன்றையும் சேர்த்துச் செய்யக் கூடாது. டைப் 1 வேறு கதை, அதில் அடர்த்தியே குறைவாக இருக்கும்.

ஸ்கேன் இல்லாவிட்டாலும் கேட்கக் கேள்வி இருக்கிறது. லேசாக விழுந்தே எலும்பு முறிந்ததா, இளமையில் இருந்ததை விட உயரம் 4 செ.மீ. குறைந்ததா, ஸ்டீராய்டு எடுத்தாரா? உயரம் குறைந்திருந்தால் முதுகெலும்பு பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று போதும். நோயாளியே அறியாமல் அமுங்கிய எலும்பு அதில் தெரியும்.

சுகர் மருந்துச் சீட்டையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். பயோகிளிட்டசோன் எலும்பு முறிவைக் கூட்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. கால் புண் திறந்திருக்கும்போது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.2 வகை மாத்திரையைப் புதிதாகத் தொடங்காமல் இருப்பது நல்லது. அந்த வகையில் ஒன்றான கானாகிளிஃப்ளோசின் சோதனையில் விரல், கால் இழப்பும் எலும்பு முறிவும் கூடியது தெரிந்த விஷயம். ஏற்கெனவே எடுப்பவர் என்றால் புண் ஆறும் வரை நிறுத்தி வைப்பதா என்று இதயம், சிறுநீரகம் இரண்டையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். மெட்ஃபார்மின் பல வருஷமாக ஓடினால் பி12 பார்க்க வேண்டும். கால் மரத்துப்போவதில் சுகரோடு பி12 குறைவும் பங்கு போட்டுக்கொள்ளும், பான்டோப்ரசோல் அதை இன்னும் கூட்டும். உங்கள் நோயாளிக்குக் கிரியேட்டினின் 1.6 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) சுமார் 50. மெட்ஃபார்மின் தொடரலாம், ஆனால் 45-க்குக் கீழே போனால் அளவைப் பரிசீலிக்க வேண்டும். பாஸ்பரஸ், கால்சியம், ஆல்புமின், பாராதைராய்டு ஹார்மோன் நான்கையும் இப்போதே ஒருமுறை பாருங்கள். சிறுநீரகம் காரணமான எலும்பு நோய் இருந்தால் பொதுவான கால்சியம்-டி3 சீட்டு அதற்குப் பொருந்தாது.

"எலும்புக்கு ஒரு ட்ரிப் போட்டால் சரியாகும்" என்று ஜோலெட்ரானிக் அமிலம் பற்றி வீட்டார் கேட்பார்கள். அது ஆஸ்டியோபோரோசிஸுக்கு, அதாவது உடம்பு முழுதும் எலும்பு பலவீனமாகும் நோய்க்கு மருந்து. கிருமி பிடித்த எலும்புக்கு அதில் வேலை இல்லை. சார்கோட்டிலும் பல வருஷம் போட்டுப் பார்த்தார்கள், குணமாகும் காலம் குறையவில்லை; 2023 சார்கோட் வழிகாட்டுதல் அதைப் போட வேண்டாம் என்றே சொல்கிறது, டெனோசுமாப், கால்சிடோனின் என்ற மற்ற எலும்பு மருந்துகளும் அப்படியே. அதே வழிகாட்டுதல், முறிவு ஆறும் காலத்தில் டியும் கால்சியமும் தேவையா என்று பார்த்துக் கொடு என்கிறது. ஆஸ்டியோபோரோசிஸுக்காக உண்மையிலேயே ஜோலெட்ரானிக் தேவைப்பட்டால் முதலில் டி அளவைச் சரிசெய்ய வேண்டும். 12-ல் இருக்கும்போது போட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி கை கால் இழுக்கும். கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழே போடக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முன்பே முடித்துவிடட்டும்.

இப்போது சூப். ஆட்டுக்கால் சூப்பில் கால்சியம் மிகக் குறைவு. எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் தாது தண்ணீருக்கு அதிகம் இறங்காது. ஆசைக்குக் குடிக்கட்டும், மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, உப்பைக் குறைத்து. கால்சியத்துக்கு என்றால் 200 மி.லி. பாலில் சுமார் 240 மி.கி., 50 கிராம் கேழ்வரகு மாவில் 170-180 மி.கி. இருக்கிறது. ஒரு நாளைக்கு வேண்டியது 1000 மி.கி. கேழ்வரகைச் சர்க்கரை ஏறாத தானியம் என்று நினைத்துக் கூழாகக் கரைத்து இரண்டு சொம்பு குடிக்கக் கூடாது. அதிலும் மாவுச்சத்து அரிசிக்கு நிகராக உண்டு, கரைத்துக் குடித்தால் வேகமாக ஏறும். கெட்டி அடையாக, முருங்கைக்கீரை சேர்த்து, இரண்டோடு நிறுத்தட்டும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நல்லது, கருவாடாக இல்லாமல் பச்சையாக வாங்கிச் சமைக்கட்டும். இவருக்கு இன்னும் அவசரமானது புரதம். ஆறாத புண் புரதத்தைத் தின்னும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை சொல்வோம். இவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 50 என்பதால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்து டயட்டீஷியன் அளவு சொல்லட்டும். மூன்று வேளையும் இட்லி, கஞ்சி, ரசம் சாதம் என்று "பத்தியம்" வைத்திருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம், அதிலிருந்து தொடங்கலாம்.


டிரெஸ்ஸிங்ரூம்_சிஸ்டர்:

நன்றி டாக்டர். இன்று காய்ப்பை எடுத்துவிட்டுப் புரோப் செய்தோம். கெட்டியாகத் தட்டியது, உரசலும் தெரிந்தது. டாக்டரிடம் காட்டி, எலும்புத் துண்டு எடுக்க மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்ப எழுதி வாங்கியிருக்கிறோம். சிப்ரோவை இப்போது நிறுத்தலாமா, தொடரலாமா?


கால்_அறுவை:

சீழ், காய்ச்சல், கணுக்கால் பக்கம் ஏறும் சிவப்பு எதுவும் இல்லை என்றால், அங்கே எடுக்கப் போகும் டாக்டரிடம் போனில் கேட்டு, அவர் தேதி சொன்னால் அதற்கேற்ப நிறுத்தி வைக்கலாம். தேதி தெரியாமல் நிறுத்த வேண்டாம். நிறுத்தியிருக்கும் நாட்களில் தினமும் புண்ணைத் திறந்து பாருங்கள், சிவப்பின் எல்லையைத் தோலில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினாலோ, சுகர் காரணமில்லாமல் 300-க்கு மேல் நின்றாலோ காத்திருக்காமல் அன்றே அனுப்புங்கள்.

அனுப்பும் கவரில் முதல் எக்ஸ்ரே ஃபிலிமையே வையுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கால்விரல் அழுத்தம், ஹீமோகுளோபின், கடைசியாக ஆன்டிபயாடிக் எடுத்த தேதி, அதுவரை அதைக் காபியோடு எடுத்தார் என்ற விவரம் நான்கையும் சீட்டின் மேலேயே எழுதுங்கள். கடைசி விவரம் இல்லாவிட்டால் சிப்ரோ தோற்றுவிட்டது என்று அங்கே தப்பாக எடுத்துக்கொள்வார்கள். பஸ்ஸில் போவதானால் வாக்கர் போட்டு, மற்றக் காலுக்குத் தட்டு ஒட்டிய பிறகு அனுப்புங்கள்.